துரையின் இடது சீட்டு

"கிழிசலை மட்டும் தைச்சாப் போதும்பா. வேற எதையும் தொடாதே."

இன்ஸ்பெக்டர் இதைச் சொல்வது மூன்றாவது முறை. சீட்டு தைக்க வந்திருந்த சீட்டுக்காரரின் கால்கள் இரண்டும் காரின் வலது கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. மற்றதெல்லாம் உள்ளே. "சரிங்க சார்" என்ற குரல் டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து வந்தது. கிழிசல் இருந்தது இடது சீட்டின் ஓரத்தில்.

"அங்க என்னப்பா பண்றே?"

"சும்மா பாக்கறேன் சார். இந்த மாதிரி வண்டிய உள்ள வந்து பாத்ததே இல்ல. நாம பஸ் சீட்டு, தியேட்டர் சீட்டு பண்றவங்க."

"அப்ப இது உனக்கு வருமா?"

"சீட்டுன்னா சீட்டுதானே சார். எல்லாம் உக்காரத்தானே."

இன்ஸ்பெக்டர் என்றதும் சீட்டுக்காரர் போலீஸ் என்று நினைத்திருந்தார். உண்மையில் அவர் கடை கடையாகப் போய் எடைக்கற்களையும் தராசுகளையும் சோதித்து முத்திரை குத்தும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். முந்தின நாள் கூப்பிடப் போனபோது, திருத்தலாம் என்று வாயைத் திறப்பதற்குள் சீட்டுக்காரர், "நாளைக்குக் காலையிலயே வந்துடறேன் சார்" என்று சொல்லிவிட்டார். அதனால் திருத்தவில்லை.

"இடது கதவத் திறந்தீங்கன்னா வசதியா இருக்கும் சார். நான் இழுத்துப் பாத்தேன், வரல."

"உனக்கு வராது."

அதற்கு ஒரு வித்தை உண்டு. கைப்பிடியை மேலே தூக்க வேண்டும். தூக்கியபடியே இடுப்பால் ஒரு இடி இடிக்க வேண்டும். இன்ஸ்பெக்டர் இடித்தார். கதவு முனகிக்கொண்டு திறந்தது. அந்த வித்தை உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருத்தி இப்போது இல்லை.

கார் இங்கிலாந்தில் பிறந்தது. இரண்டே இருக்கை, துணிக் கூரை, மரத்தில் டேஷ்போர்டு, கரும்பச்சை உடம்பு. கல்யாணமான புதிதில், ஊரைவிட்டுப் போகிற ஒருவரிடம் வாங்கியது. அதற்குப் பெயர் வைத்தது மனைவி.

"வெள்ளைக்காரர். காலையில எழுப்பினா கத்தறார். எப்பப் பாரு குடிக்கிறார். துரைன்னு கூப்பிடாம வேற எப்படிக் கூப்பிடறது?"

துரை குடிகாரர் என்பது உண்மை. அவர் வெளியே போவது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். வேலையில் இருந்தவரை மற்ற நாட்களில் இன்ஸ்பெக்டரை அலுவலக ஜீப் வந்து அழைத்துப் போகும். வாரம் ஒரு சுற்றுக்கு அவ்வளவு பெட்ரோலை எந்த வண்டியும் குடிக்காது. எவ்வளவு தூரம் ஓடியது என்று காட்டும் கருவி வாங்கும்போதே செத்துப் போயிருந்தது. மெக்கானிக்குகள் கழற்றிப் பார்த்து, ஒழுக்கு ஒன்றும் இல்லை என்று திரும்ப மாட்டினார்கள். "சில பேர் உடம்பு வாகு அப்படி" என்று மனைவி துரைக்காகப் பேசினாள்.

அவளுக்கும் ஓட்டக் கற்றுக்கொடுக்க ஒருமுறை முயன்றார். முதல் கியரில் துரை அலறினார். துரையைவிட உரக்க இன்ஸ்பெக்டர் அலறினார். அவள் இன்ஜினை நிறுத்தி, சாவியை உருவி அவர் உள்ளங்கையில் வைத்தாள். "உங்க துரைய நீங்களே வெச்சுக்குங்க" என்று இறங்கிப் போனாள். அதற்குப் பிறகு கேட்கவே இல்லை.

பயந்துவிட்டாள் என்று அவர் முடிவு செய்தார்.

அவள் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவளுடைய துணிமணிகள் தங்கைக்கும் மகளுக்கும் போய்விட்டன. குரலைப் பதிவு செய்து வைக்கலாம் என்று மகள் போனை நீட்டியபோதெல்லாம் "அப்புறம், அப்புறம்" என்று தள்ளிப்போட்டவள் அவள். அவள் உடம்பின் அச்சு இந்த வீட்டில் ஒரே ஒரு இடத்தில்தான் மிச்சம் இருந்தது. துரையின் இடது சீட்டில். பழுப்புத் தோலில், நடுவே, அகலமான ஒரு குழி.

தினமும் சாயங்காலம் இன்ஸ்பெக்டர் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போவார். வலது சீட்டில் ஏறி உட்கார்ந்து, இடது கையை அந்தக் குழிக்குள் வைத்துக்கொண்டு, அவளுக்குப் பிடித்த செய்திகளாகப் பார்த்து உரக்கப் படிப்பார். எங்கேயாவது அமைச்சர் வழுக்கி விழுந்தது, யானை ரயிலை நிறுத்தியது, இப்படி. படித்து முடித்ததும் தாளை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொள்வார். பிறகு வீட்டுக்குள் வருவார்.

போன வாரம் மகள் போனில் கூப்பிட்டாள்.

"அப்பா, ஞாயித்துக்கிழமை வரேன். வந்து அம்மா சீட்டுல உக்காந்துக்கிட்டு ஒரு ரவுண்டு போகணும். அம்மா மடியில உக்காந்த மாதிரி இருக்கும்ப்பா."

போனை வைத்ததும் இன்ஸ்பெக்டர் போய்ப் பார்த்தார். சீட்டு ஓரத்தில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு கிழிசல். மறுநாள் இரண்டு விரல் நுழைந்தது. அதனால்தான் சீட்டுக்காரர்.

"கறுப்பு நூல் இருக்கு சார். தைச்சுடவா?"

"தோல் பழுப்புப்பா!"

"தூரத்திலேருந்து பாத்தா ஒண்ணுதான் சார்."

"நானே போய் நூல் வாங்கிட்டு வரேன். அதுவரைக்கும் ஊசியக் கையால தொடாதே."

நூல் கடையில் இன்ஸ்பெக்டர் எல்லாப் பழுப்புகளையும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பார்த்தார். ஒன்று சிவந்தது, ஒன்று மஞ்சளடித்தது. கடைக்காரர் பெட்டிகளை இறக்கி இறக்கிக் களைத்துப்போய், கடைசியில் நாற்காலியை எடுத்துப் போட்டுவிட்டார். சரியான பழுப்போடு இன்ஸ்பெக்டர் வீடு திரும்பியபோது சீட்டுக்காரர் வாசலிலேயே நின்றிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"சார்! ஒரு நல்ல சேதி. குழி போயிடுச்சு!"

"எந்தக் குழி?"

"இடது சீட்டுல இருந்துச்சே, பெருசா! நீங்க சொன்ன மாதிரி ஊசியத் தொடல சார். உள்ள எப்படி இருக்குன்னு பாக்கலாம்னு தோலக் கழட்டினேன். உள்ள இருந்ததெல்லாம் மக்கிப் பொடியாக் கொட்டுது. நார், முடி, என்னென்னவோ! நல்ல வேளை, குப்பை வண்டி வந்துச்சு. மொத்தமா அள்ளிப் போட்டுட்டேன்."

இன்ஸ்பெக்டர் செருப்பைக்கூட விட்டுவிட்டு ஓடினார். குப்பை வண்டி தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது.

எதிர்வீட்டு டீச்சர் வாசலில் நின்று பார்த்தார். டீச்சர் நல்ல ஆகிருதி. அவர் வாசலில் நின்றால் அவர் வீட்டு வாசல் தெரியாது. சாயங்காலங்களில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பவர். மனைவிக்கு உயிர்த் தோழி. மத்தியானமானால் இருவரும் சேர்ந்து நூலகத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். நூலகம் ஊரின் அந்தக் கோடியில். அவ்வளவு வெயிலில் போய்விட்டு வந்தும், சாயங்காலம் அவர் வேலையிலிருந்து திரும்பும்போது இருவர் முகமும் வாடியிருக்காது. புத்தகம் படிக்கிறவர்கள் வெயிலைக் கவனிப்பதில்லை போலிருக்கிறது என்று இன்ஸ்பெக்டர் அப்போதெல்லாம் ஆச்சரியப்படுவார்.

"என்ன சார், வண்டிக்குப் பின்னால ஓடறீங்க? குப்பை போட மறந்துட்டீங்களா?"

"போட்டத எடுக்கணும் டீச்சர்!"

திரும்பி வந்தபோது அவர் கைக்குட்டையில் ஒரு பிடி பழுப்புப் பொடி இருந்தது. அது துரையுடையதுதானா, வேறு வீட்டுச் சருகா என்று அவருக்கே தெரியவில்லை. ஆனாலும் முடிச்சுப் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

டீச்சர் பின்னாலேயே வந்து ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்தார். வெறும் சட்டமும் கம்பியுமாக நின்ற இடது சீட்டைக் கண்டதும் கையை வாயில் வைத்துக்கொண்டார்.

"இதையா பிரிச்சீங்க? நல்லாத்தானே இருந்துச்சு! எவ்ளோ சொகுசு..." பாதியில் நிறுத்திவிட்டு, "பாக்கறதுக்கு" என்று முடித்தார். பிறகு, "வலது பக்கத்து சீட்டத் தொடலையே?" என்றார்.

"இல்ல டீச்சர்."

"அது போதும்" என்று போய்விட்டார்.

சீட்டுக்காரருக்கு ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று மட்டும் புரிந்தது. என்ன தப்பு என்று புரியவில்லை.

"சார், இதுக்கெல்லாம் கேஸ் போட மாட்டீங்களே?"

"வேலையப் பாருப்பா."

அவர் வேலையைப் பார்த்தார். அதுதான் வினையானது. பஸ்ஸுக்குப் போடும் ஸ்பாஞ்சைத் துரைக்குப் போட்டார். சீட்டு எழும்பி, உட்கார்ந்து பார்த்த சீட்டுக்காரரின் தலை துணிக் கூரையில் முட்டி வெளியே மேடு தட்டியது. ஸ்பாஞ்ச் பக்கவாட்டில் பிதுங்கியதால் கதவு மூடவில்லை. கதவு மூடுவதற்காகக் கை வைக்கும் கட்டையைக் கழற்றினார். கட்டையோடு கதவின் உள்பக்க அட்டை பாதி கையோடு வந்துவிட்டது. ஒரு கதவுக்குப் புது அட்டை, ஒரு கதவுக்குப் பழையது என்றால் நன்றாக இருக்காது என்று மற்ற அட்டையையும் எடுத்தார். அட்டையை எடுத்தபோது ஆணி ஒன்று தரைவிரிப்புக்கு அடியில் உருண்டது. ஆணியைத் தேடுவதற்காக விரிப்பைச் சுருட்டினார்.

இன்ஸ்பெக்டர் முகம் கழுவிக்கொண்டு வந்து பார்த்தபோது, துரையின் உள்ளே இருந்ததெல்லாம் முற்றத்தில் விரித்த பழைய போர்வையின் மேல் கிடந்தன. மருத்துவப் பரிசோதனைக்குச் சட்டையைக் கழற்றிவிட்டு நிற்கும் பெரிய அதிகாரி மாதிரி துரை எங்கோ பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆணி கிடைச்சிடுச்சு சார்" என்றார் சீட்டுக்காரர்.

பிறகு விரிப்பைத் தூக்கிக் காட்டினார். "இங்க பாருங்க, வேடிக்கை. இடது பக்கம் பிரேக்கே கிடையாது. ஆனா பிரேக் மிதிச்ச மாதிரி ஒரே இடத்துல தேஞ்சிருக்கு."

இன்ஸ்பெக்டர் விரிப்பை வாங்கி அந்தத் தேய்மானத்தைத் தடவினார். "அது என் வீட்டுக்காரி. நான் ஓட்டும்போது சீட்டு நுனியில உக்காந்து வலது காலை ஊனிக்குவா. பயம்."

"நீங்க அவ்ளோ வேகமாவா போவீங்க?"

"மாட்டு வண்டி என்னை முந்திக்கிட்டுப் போகும்."

சீட்டுக்காரர் யோசித்தார். அவருக்கு யோசனை அதிக நேரம் நிற்பதில்லை. "டிரைவர் சீட்டையும் பண்ணிடலாம் சார். அதுலயும் குழி இருக்கு. சின்னக் குழி, முன்பக்கமா. உங்க உடம்புக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

"அது வெள்ளைக்காரன் அளவு. அதான் தலையணை போட்டுக்கிட்டு ஓட்டறேன்."

"சீட்டும் ரொம்ப முன்னாடி தள்ளி இருந்த தடம் தெரியுதே."

"அது தானா முன்னாடி நகரும். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் பின்னால தள்ளி வெக்கறதே எனக்கு வேலையா இருந்துச்சு."

சீட்டுக்காரர் சீட்டைப் பிடித்து உலுக்கினார். அசையவில்லை. "இறுக்கமாத்தானே சார் இருக்கு."

"உன்கிட்ட நகராது. துரைக்கு ஆள் தெரியும்."

மறுநாள் இன்ஸ்பெக்டர் பழைய அலுவலகத்துக்குப் போய், சோதனைக்கு வைத்திருக்கும் இரும்பு எடைக்கற்களை இரவல் வாங்கி வந்தார். மனைவியின் எடை அவருக்குத் தெரியும். அலுவலகத் தராசு பழுது பார்க்கப்பட்டு வரும்போதெல்லாம் அவளைத்தான் முதலில் ஏற்றி நிறுத்துவார். ஊதினால் பறந்துவிடுகிற உடம்பு. அந்த எடைக்குச் சரியாகக் கற்களை இடது சீட்டில் அடுக்கி, மேலே ஒரு போர்வையைப் போர்த்தி, பகல் முழுக்கக் காவல் இருந்தார்.

கற்களை எடுத்ததும் ஸ்பாஞ்ச் தூங்கி எழுந்தவர் மாதிரி மெதுவாக, முழுசாக எழுந்துகொண்டது.

சீட்டுக்காரருக்குப் பெருமை தாங்கவில்லை. "அதான் சார் ஸ்பாஞ்ச்! எத்தனை பேர் உக்காந்தாலும் யாரையும் ஞாபகம் வெச்சுக்காது."

இன்ஸ்பெக்டர் எடைக்கற்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தார். கடைசிக் கல்லை வைத்த பிறகு சொன்னார்.

"எனக்கு ஞாபகம் வெச்சுக்கற மாதிரி ஒண்ணு வேணும்பா."

சீட்டுக்காரர் சீட்டைப் பார்த்தார். இன்ஸ்பெக்டரின் சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருந்த கைக்குட்டை முடிச்சைப் பார்த்தார். அவர் சிரிப்பு அடங்கியது.

"அது அம்மாவோடதா சார்?"

"ம்."

"மொதல்லயே சொல்லக் கூடாதா சார்? நான் பாவி, வந்து நல்ல சேதின்னு வேற சொன்னேனே!" தலையில் அடித்துக்கொண்டார். உடனே எழுந்து நின்றார். "குழிதானே சார். வெட்டிடலாம். பழைய தோல் என்கிட்டதான் இருக்கு."

தோல் எதையும் மறந்திருக்கவில்லை. சட்டத்திலிருந்து கழற்றிய பிறகும் நடுவில் வயிறு மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. இன்ஸ்பெக்டர் அந்தத் தொங்கலில் மணலைக் கொட்டி நிரப்பி, பிறகு மணலை எடுத்துத் தராசில் வைத்தார். நிறைய இருந்தது. மனைவி அளவுள்ள ஒருத்திக்கு அது நியாயமே இல்லாத குழி. வேலையில் இருந்த காலமாயிருந்தால், இப்படி அளவு தப்பின கடைக்கு நோட்டீஸ் கொடுத்திருப்பார்.

"கொஞ்சம் அதிகமா வருதே சார்" என்றார் சீட்டுக்காரர்.

"வருஷக்கணக்கா உக்காந்தா அதிகமாத்தான் ஆகும்" என்றார் இன்ஸ்பெக்டர்.

மணல் சொன்ன அளவுக்கு ஸ்பாஞ்சை வெட்டினார்கள். வெட்டி முடித்தபோது சீட்டு, சுவரிலிருந்து கழற்றி வந்த கைகழுவும் தொட்டி மாதிரி இருந்தது. தோலைப் போர்த்தி, சரியான பழுப்பு நூலால் சீட்டுக்காரர் தைத்தார். தையல் நன்றாகவே வந்திருந்தது.

"இப்ப அம்மா அளவுல யாராவது உக்காந்து பாத்தா தெரிஞ்சிடும் சார்."

மனைவியின் தங்கையை வரச் சொன்னார். அக்காவும் தங்கையும் ஒரே அளவு. ஒருத்தி செருப்பை இன்னொருத்தி போட்டுக்கொண்டு போய்விடுவாள்.

"அவசரம்னு சொன்னீங்களே அத்தான், என்ன?"

"ஒண்ணுமில்ல. இதுல கொஞ்சம் உக்காரு."

"இதுக்கா ரெண்டு பஸ் மாறி வந்தேன்?" என்று சொல்லிக்கொண்டே இடது கதவை இழுத்தாள். வரவில்லை. இன்ஸ்பெக்டர் தூக்கி இடித்துத் திறந்துவிட்டார். அவள் உட்கார்ந்தாள். அதாவது உள்ளே போனாள். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்குக் கொண்டையும் இரண்டு முழங்காலும் மட்டும் தெரிந்தன.

"அத்தான்! கை குடுங்க!"

இரண்டு பேரும் சேர்ந்து இழுத்து வெளியே எடுத்தார்கள்.

"அக்கா என்ன யானையா? இதுல நானும் அவளும் சேர்ந்து உக்காந்தாலும் இடம் மிச்சம் இருக்கும்!"

"நீ இளைச்சுட்டே" என்றார் இன்ஸ்பெக்டர்.

"எங்க இளைச்சேன்? வாங்கின துணியெல்லாம் பிடிக்குது!" அவள் புடவையை உதறிக்கொண்டாள். அவர் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தணித்துக்கொண்டாள். "அத்தான், அவ போயிட்டா. அவளப் போய் சீட்டுல தேடாதீங்க."

"வேற எங்க தேடறது? நீ சொல்லேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, திரும்பிப் போகிற பஸ்ஸைப் பிடிக்கப் போனாள்.

சனிக்கிழமை காலையில் மகள் போன் செய்தாள். "நாளைக்கு வந்துடறேன்ப்பா. அம்மா சீட்டு அப்படியேதானே இருக்கு?"

"வாம்மா" என்றார் இன்ஸ்பெக்டர். உடனே போனை வைத்துவிட்டார்.

ஷெட்டுக்கு வந்தார். சீட்டுக்காரர் கதவு அட்டைகளை மாட்டி முடித்திருந்தார். விரிப்பும் பழைய இடத்துக்குப் போயிருந்தது.

"குழிய ரொப்பிடுப்பா."

"சார்?"

"ரொப்பி மட்டமாக்கிடு. டிரைவர் சீட்டையும் பிரிச்சுட்டுப் புதுசாப் பண்ணிடு. ரெண்டும் ஒரே மாதிரி புதுசா இருக்கட்டும். ஒண்ணு பழசாவும் ஒண்ணு புதுசாவும் இருந்தா, ஏன் அம்மாவோடத மட்டும் மாத்தினேன்னு மக கேப்பா. என்கிட்ட பதில் இல்ல."

சீட்டுக்காரர் முதல்முறையாக ஒரு வேலையை ஆரம்பிக்கத் தயங்கினார். "இது ஒண்ணும் கெட்டுப் போகல சார். தோலு நல்லா இருக்கு."

"பிரிச்சுடு."

சீட்டுக்காரர் தையல் பிரிக்கும் பிளேடை எடுத்தார். வலது கதவைத் திறந்து தலையணையை வெளியே எடுத்துவிட்டு, முதல் தையல் எங்கே இருக்கிறது என்று விரலால் தேடினார். தேடும் வசதிக்காகக் கொக்கியை விடுவித்துச் சீட்டை முன்னால் தள்ளினார். பழைய தடத்தில் அது சுலபமாகப் போய் நின்றது.

"ஒரு நிமிஷம்" என்றார் இன்ஸ்பெக்டர். "கடைசியா ஒரு தடவை உக்காந்துக்கறேன்."

தலையணை இல்லாமல் அவர் அந்தச் சீட்டில் உட்கார்ந்து பல வருஷம் ஆகிறது. முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. சின்னக் குழி அவரை ஏற்றுக்கொள்ளாமல் இரண்டு பக்கமும் நெருக்கியது. அவர் உடம்பைக் குறுக்கிக்கொண்டு இடது கையை நீட்டிப் புதுக் குழிக்குள் வைத்தார். ஸ்பாஞ்ச் கையை மேலே தள்ளியது. செய்தித்தாள் எடுத்துவரவில்லை. இருந்தாலும் படித்திருக்க முடியாது.

"ஆரம்பிக்கட்டுமா சார்?" சீட்டுக்காரர் பிளேடோடு கதவோரம் குனிந்தார்.

"பிளேடா அது?"

தெருவிலிருந்து வந்த குரல். டீச்சர் ஓடி வந்துகொண்டிருந்தார். டீச்சர் ஓடி அந்தத் தெருவில் யாரும் பார்த்ததில்லை. டியூஷனுக்கு வந்த பிள்ளைகள் சுவர்மேல் ஏறி நின்று பார்த்தார்கள்.

"எந்தச் சீட்டு? எந்தச் சீட்டப் பிரிக்கறீங்க?"

"டிரைவர் சீட்டு டீச்சர்" என்றார் சீட்டுக்காரர்.

டீச்சர் மூச்சு வாங்கிக்கொண்டு துரையைச் சுற்றி இடது பக்கம் வந்தார். கைப்பிடியைப் பார்க்கக்கூட இல்லை. மேலே தூக்கி, இடுப்பால் ஒரு இடி இடித்தார். கதவு முனகாமல் திறந்தது. உள்ளே ஏறி, கைகழுவும் தொட்டி மாதிரி இருந்த அந்தக் குழியில் உட்கார்ந்தார்.

குழி ஒரு விரற்கடைகூட மிச்சமில்லாமல், மூடி போட்ட டப்பா மாதிரி நிறைந்தது. அவருடைய இடது கை தானாகவே மேலே போய் ஜன்னல் ஓரத்துத் தோல்வாரைப் பிடித்துக்கொண்டது.

சீட்டுக்காரர் வாயைத் திறந்தவர் மூடவில்லை.

"டீச்சர்" என்றார் இன்ஸ்பெக்டர் மெதுவாக. "இந்தக் கதவு உங்களுக்கு எப்படி..."

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு அவளுக்கு வாக்குக் குடுத்திருந்தேன்." டீச்சரின் கண் நிறைந்திருந்தது. சிரிப்பும் வந்துகொண்டிருந்தது. "மொதல்ல அந்தப் பிளேடக் கீழ போடச் சொல்லுங்க சார். இந்தக் குழி என்னுது. ஞாயித்துக்கிழமை தவிர மத்த நாளெல்லாம் எனக்குப் பக்கத்துல வண்டிய ஓட்டிக்கிட்டு அவ உக்காந்திருந்தது, இப்ப நீங்க உக்காந்திருக்கிற இடத்துல."